பனிக்கரையில் வைத்த படையல்

1

போன ஞாயிற்றுக்கிழமை நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் பார்த்திருப்பீர்கள். நீல நிறத்தில் ஒரு ஐஸ் மதில் நெடுக நிற்கிறது. அதற்கு முன்னால் சிவப்பு அங்கியும் கம்பளித் தொப்பியும் போட்டுக்கொண்டு, அந்த மதிலைக் கட்டி முடித்த மேசன் மாதிரி இடுப்பில் கை வைத்தபடி நான் நிற்கிறேன். கூட வந்த பயணி ஒருவர் எடுத்து, மூன்று மாதம் கழித்து அனுப்பிய படம். குழுவில் போட்டது நான் இல்லை, என் மனைவி சாந்தி.

கொக்குவிலில் இருந்து தங்கச்சி, "அண்ணை, சுப்பர்" என்று எழுதினாள். மச்சான் ஒருவர், வாழ்ந்தால் உங்களைப்போல வாழ வேண்டும் என்று குரல் பதிவே அனுப்பினார். கைதட்டும் படங்களும் பூப் படங்களும் வந்து குவிந்தன.

அந்தப் படம் எடுத்து நாற்பது நிமிடத்தில் என் மகள் அபிராமி என் கண்முன்னே ஒரு உயிரைச் சுட்டுக் கொன்றாள். சுட வைத்தவன் நான். இதைச் சொல்லாமல் உங்கள் பூக்களை வாங்கி வைத்துக்கொண்டால் எனக்குச் சோறு இறங்காது. அதனால்தான் எழுதுகிறேன். வாசித்துவிட்டு யாரும் எனக்கு ஆறுதல் சொல்லிக் குரல் பதிவு அனுப்ப வேண்டாம். அனுப்பினால் குழுவை விட்டே போய்விடுவேன்.

2

எங்கள் வீடு லண்டனில், மிச்சம் என்ற இடத்தில். வேலை ஹவுன்ஸ்லோவில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில், மீன் இறக்குமதி செய்யும் கம்பனி ஒன்றின் குளிரறையில். இருபத்திரண்டு வருடமாகக் காலை ஆறு மணி ஷிப்ட். கதவைத் திறந்தால் மைனஸ் இருபத்திரண்டு. மூக்கு மயிர் நின்றபடி உறையும். இமையில் வெள்ளை பூக்கும். இந்த அனுபவம் இருந்ததால், ஐஸைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்ற எண்ணம் தலைக்குள் ஏறியிருந்தது. அந்த எண்ணத்துக்குச் செருப்படி விழுந்த கதையும் இதில் இருக்கிறது.

அபிராமி எங்களுக்கு ஒரே பிள்ளை. அவள் டாக்டருக்குப் படிப்பாள் என்று நானும் சாந்தியும் எங்களுக்குள்ளேயே முடிவு கட்டிவிட்டு, விம்பிள்டன் கோவிலில் கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லியும் வைத்திருந்தோம். அவள் புவியியல் படித்தாள். பிறகு நோர்வேக்கும் வடக்கே, வரைபடத்தின் மேல் ஓரத்தில் கிடக்கும் தீவுகளுக்குப் போனாள். கோடையில் அங்கே வரும் சின்னக் கப்பல்களில் பயணிகளை ஐஸ் கரைகளுக்கு இறக்கிக் காட்டும் வழிகாட்டி வேலை. அது என்ன வேலை என்று ஊரில் கேட்டவர்களுக்கு, "ஆராய்ச்சி செய்கிறாள்" என்று சொன்னேன். அது முழுப்பொய்.

ஆறு வருடத்துக்கு முன் அவள் அங்கிருந்து அனுப்பிய முதல் படத்தைப் பார்த்துச் சாந்தி சமையலறையில் அப்படியே குந்திவிட்டாள். அபியின் தோளில் துவக்கு. அந்தத் தீவுகளில் பனிக்கரடிகள் உண்டு. வழிகாட்டிகள் துவக்கில்லாமல் கரையில் கால் வைக்கக்கூடாது.

துவக்கு என்றால் எனக்கு என்ன என்பது உங்களில் மூத்தவர்களுக்குத் தெரியும். சண்டைக் காலத்தில், ஊர் வீதியில் என்னை முழங்காலில் இருத்தி, பிடரியில் குழலை வைத்தார்கள். அன்று பக்கத்தில் முழங்காலில் இருந்தவன் எழும்பவில்லை. அபிக்கு ஏழு வயதில் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பிறந்தநாளில் ஒரு பிளாஸ்டிக் தண்ணீர்த் துவக்கு கொடுத்தார்கள். அதை அவள் என்னை நோக்கி நீட்டினாள். நான் பிடுங்கி முற்றத்துச் சீமெந்தில் போட்டுக் காலால் மிதித்துத் தூள் தூளாக்கினேன். பிள்ளை பயத்தில் உடுப்போடு சிறுநீர் கழித்துவிட்டாள். அப்படிப்பட்டவனுடைய மகள்தான் பதினைந்து வருடம் கழித்துத் தோளில் துவக்கோடு சிரித்துக்கொண்டு நின்றாள்.

"அபி, இதுக்கோ நாங்கள் நாட்டை விட்டு ஓடி வந்தனாங்கள்?" என்று போனில் கத்தினேன்.

"அப்பா, இது ஆக்களைச் சுடுறதுக்கு இல்லை. கரடியைச் சுடுறதுக்கும் இல்லை. சுடாமல் இருக்கிறதுக்குத்தான் எங்களுக்குப் பழக்கிறவை," என்றாள். எனக்கு அது அப்போது விளங்கவில்லை.

3

என் அப்பா பஸ் சாரதி. சலரோகம் காலைத் தின்று, ஊரடங்குச் சட்ட நாளொன்றில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லாமல் வீட்டிலேயே கண்ணை மூடினார். என் அகதி வழக்கு அப்போது இங்கே இழுபட்டுக்கொண்டிருந்தது. போனால் திரும்பி வர முடியாது. நான் போகவில்லை. கொள்ளி வைத்தது தம்பி.

அந்தக் கடனுக்கு எனக்குத் தெரிந்த ஒரே பதில் ஆடி அமாவாசை. வருடம் தவறியதில்லை. காலையில் இருந்து பச்சைத்தண்ணீர் கூடக் குடியாமல், மத்தியானம் சோறு, பருப்பு, உளுந்து வடை, காத்தோட்டிக்காய்ப் பொரியல் எல்லாம் படைத்து, காகத்துக்கு வைத்து, அது வந்து கொத்திய பிறகுதான் நான் வாயில் வைப்பேன். அகதி வழக்குக்காகக் குடிவரவு அலுவலகத்தில் கையெழுத்துப் போடப் போகும் நாட்களில் கூட ஒரு பொட்டலத்தோடு போய், அந்தக் கட்டடத்தின் கார் நிறுத்தும் இடத்தில் வைத்திருக்கிறேன்.

மிச்சத்தில் காகத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் கராஜ் கூரையில் நான் வைக்கும் சோற்றுக்கு எலியும் வந்தது, நரியும் வந்தது. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் கவுன்சிலுக்கு எழுதினார். கவுன்சிலில் இருந்து எனக்குக் கடிதம் வந்தது: வெளியில் உணவு வைத்துக் காட்டு விலங்குகளை ஈர்க்க வேண்டாம். அபிதான் அதைத் தமிழில் வாசித்துச் சொன்னாள். எனக்கு வந்த கோபத்தில் கடிதத்தை நான்காகக் கிழித்தேன். என் அப்பாவுக்கு நான் சோறு வைப்பதை இவர்கள் யார் கேட்க? அடுத்த வருடம் வேண்டுமென்றே இரண்டு வடை கூட வைத்தேன்.

4

இந்தக் கோடையில் கப்பல் கம்பனி, வழிகாட்டிகளின் பெற்றோருக்கென்று ஒரு பயணத்தில் இரண்டு இடம் கொடுத்தது. சாந்திக்கு மகளைப் பார்க்கும் ஆசை. நான் கலண்டரைப் பார்த்தேன். பயணத்தின் நான்காம் நாள் ஆடி அமாவாசை.

"ஒருவருசம் கப்பலுக்குள்ளேயே கும்பிட்டிட்டு விடுங்கோவன்," என்றாள் சாந்தி.

"காகம் சாப்பிடாமல் நான் சாப்பிடமாட்டன்."

"அங்க காகம் இருக்குதோ?"

"ஏதோ ஒண்டு பறக்கும்தானே," என்றேன். வடையைச் சுட்டு, ஆறவைத்து, தாளில் சுற்றி, சூட்கேசில் என் கம்பளிக் காலுறைகளுக்குள் வைத்தேன். சாந்தி பார்த்தாள். அப்போதே அவள் என்னை நாலு கேள்வி கேட்டிருக்கலாம்.

கப்பலில் ஏறியதும் ஒரு படிவம் தந்தார்கள். கரைக்கு எந்த உணவும் கொண்டுபோவதில்லை, கரையில் எதையும் போடுவதில்லை, எதையும் எடுப்பதில்லை என்று அதில் இருந்ததாம். நான் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டேன். இந்த நாட்டில் நான் கையெழுத்துப் போட்ட படிவங்களை எல்லாம் வாசித்திருந்தால் எனக்கு வேலை செய்ய நேரம் இருந்திருக்காது.

இப்போது அந்த ஐஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நான் எதைக் கெடுத்தேன் என்பது உங்களுக்கு விளங்காது.

முதல் இரண்டு நாள் எனக்கு ஏமாற்றம்தான். வெப்பமானி ஆறு பாகை காட்டியது, மைனஸ் இல்லாத ஆறு. எங்கள் குளிரறைக்கு வெளியே மீன் பெட்டியை வைத்தால் கெட்டுப்போகும் சூடு அது. "துருவத்தை விட என்ர கம்பனி குளிர்," என்று அபியிடம் பகிடி விட்டேன். அவள் சிரிக்கவில்லை. "அதுதான் அப்பா பிரச்சினை," என்றாள்.

மூன்றாம் நாள் காலை கப்பல் ஒரு குடாவுக்குள் திரும்பியது. மேல்தட்டுக்கு வந்தேன். மலைகளுக்கு நடுவே ஒரு ஆறு அப்படியே கல்லாகி, கடலுக்கு வந்த இடத்தில் முறிந்து நின்றது. அந்த முறிவின் முகம் முழுக்க நீலம். எத்தனையோ நீலங்கள், சிலவற்றுக்கு எனக்குப் பெயர் தெரியாது. வெடிப்புகளுக்குள்ளே மட்டும் கடும் நீலம். நான் கோவிலில் கூட இலேசில் கை கூப்பாதவன். என் இரண்டு கையும் நான் சொல்லாமலே சேர்ந்தன. பக்கத்தில் சாந்தி, "ஐயோ, என்ன வடிவு" என்று அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இவ்வளவு பெரிய ஒன்று என்னைப் பற்றி எதுவுமே கேட்காமல் நின்றது, அது எனக்கு நிம்மதியாக இருந்தது.

கப்பலைச் சுற்றி மிதந்த துண்டுகள் எல்லாம் சடசடத்தன. கடுகு தாளிக்கும்போது வருமே, அந்தச் சத்தம். ஆயிரக்கணக்கான வருடம் உள்ளே அடைபட்டிருந்த காற்று, ஐஸ் கரையக் கரைய வெடித்து வெளியே வருகிறது என்று அபி சொன்னாள். பிறகு பின்பக்கம் திரும்பித் தூரத்தில் ஒரு பாறைத் தீவைக் காட்டினாள்.

"நான் முதல் வந்த வருசம் ஐஸ் அந்தக் கல்லு வரைக்கும் இருந்தது, அப்பா. இப்ப எங்கட கப்பல் நிக்கிற இடமெல்லாம் அப்ப ஐஸ்."

நான் தீவைப் பார்த்தேன், மதிலைப் பார்த்தேன். இரண்டுக்கும் இடையில் மிச்சத்தில் இருந்து விம்பிள்டன் போகும் தூரத்தில் பாதியாவது இருக்கும். என் மகள் அந்தத் தொழிலில் இருந்த ஆறே வருடத்தில் அவ்வளவும் தண்ணீராகிவிட்டது.

அப்போது மதிலின் இடப்பக்கம், நாலு மாடிக் கட்டடம் அளவு ஒரு துண்டு, சத்தமே இல்லாமல் கழன்று சரிந்தது. சத்தம் பிறகுதான் வந்து நெஞ்சில் இடித்தது. ஷெல் சத்தம் போல இருந்தது என்று எழுதுவேன் என நினைப்பீர்கள். இல்லை. ஷெல்லுக்கு முன்னால் ஒரு கூவல் உண்டு, படுக்க நேரம் உண்டு. இதற்கு அது கூட இல்லை. கடல் வீங்கி வந்து கப்பலைத் தூக்கிப் போட்டது. பறவைகள் கூட்டமாகக் கிளம்பி அலறின. கடல் பால் போல வெளுத்துக் கொதித்தது.

மேல்தட்டில் நின்ற எல்லோரும் ஊளையிட்டுக் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அபி தட்டவில்லை.

"ஏன் ஆக்கள் கைதட்டினம் எண்டு எனக்கு ஒருநாளும் விளங்கிறேல்லை," என்றாள். என் கைகளைப் பொக்கெற்றுக்குள் விட்டுக்கொண்டேன்.

5

அமாவாசை அன்று சூரியன் மறையவும் இல்லை, உதிக்கவும் இல்லை. வானத்தைச் சுற்றி நடந்துகொண்டிருந்தது. கப்பல் சமையற்காரர் ஒரு பிலிப்பினோ. வெறும் சோறும் அவித்த பருப்பும் கேட்டேன். ஏன் என்று கேட்காமல் தந்தார். நெய் விட்டுப் பிசைந்து, வடையோடு வெள்ளித் தாளில் கட்டி, அங்கியின் உள் பொக்கெற்றில் வைத்தேன். சாந்திக்கு முழங்கால் வலி. அவள் கப்பலில் நின்றுவிட்டாள்.

ரப்பர் படகில் இறங்கும் இடத்தில் அபி நின்றாள். சப்பாத்துகளைத் தேய்த்துக் கழுவி, ஒவ்வொருவருடைய பொக்கெற்றுக்குள்ளும் கை விட்டுப் பார்த்தாள். ஒரு கிழவியிடம் இருந்து ஒரே ஒரு டொபியை எடுத்து வைத்தாள். என் முறை வந்தது. அவள் கை உயர்ந்து, பாதியில் நின்றது.

"அப்பா, ஒண்டும் இல்லைத்தானே?"

"இல்லைப் பிள்ளை."

அவள் என் தொப்பியைச் சரி செய்து படகில் ஏற்றினாள்.

கரை முழுக்கக் கூழாங்கல். கண்ணுக்கு எதிரே அந்த மதில். அபியும் மற்ற வழிகாட்டியும் முதலில் இறங்கித் தொலைநோக்கியால் மேடு பள்ளமெல்லாம் பார்த்து, எங்கே நிற்கலாம், எங்கே போகக்கூடாது என்று சொன்னார்கள். எல்லோரும் படம் எடுத்தோம். நீங்கள் பூப்போட்ட படமும் அப்போது எடுத்ததுதான்.

மத்தியானம் ஆகியது. பசியில் எனக்குக் கண் மங்கியது. கூட்டம் மதில் பக்கம் திரும்பியிருந்த நேரம் பார்த்து, சப்பாத்து நாடா கட்டுவது போலப் பின்தங்கி, ஒரு பெரிய கல்லைத் தாண்டினேன். தட்டையான கல்லொன்றில் வெள்ளித் தாளை விரித்தேன். அப்பாவை நினைத்துக் கண்ணை மூடிக் கும்பிட்டேன். பிறகு மெதுவாக, "கா... கா..." என்று கூப்பிட்டேன். வெள்ளைக் கடற்பறவை ஒன்று தலைக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போய்விட்டது. இன்னும் கொஞ்சம் உரத்துக் கூப்பிட்டேன்.

கற்குவியலுக்குப் பின்னால் கரடி ஒன்று படுத்திருந்திருக்கிறது. அப்படித்தான் இருக்க வேண்டும். தொலைநோக்கிக்குத் தெரியாத பள்ளம். எழும்பி வந்தது. வெள்ளை என்று நினைத்திருந்தேன். வெள்ளை இல்லை, பழைய வேட்டியின் மஞ்சள். நனைந்த தோலுக்குக் கீழே இடுப்பெலும்பு இரண்டும் துருத்திக்கொண்டிருந்தன. அது என்னைப் பார்க்கவே இல்லை. நேராகக் கல்லுக்கு வந்து, சோற்றில் வாயை வைத்தது.

நான் பின்னுக்கு நகர்ந்தேன். கால் தடுக்கி மல்லாக்க விழுந்தேன். கூழாங்கல் சரிந்த சத்தத்தில் அபி திரும்பியிருக்க வேண்டும்.

"அப்பா! ஓடாதேங்கோ! அப்பிடியே கிடவுங்கோ!"

மற்ற வழிகாட்டி பயணிகளைப் படகுக்கு விரட்டும் சத்தம் கேட்டது. என் தலைக்கு மேலால், அபி விட்ட எச்சரிக்கை வெடியின் சிவப்பு நெருப்பொன்று போய்க் கரடிக்கு முன்னால் வெடித்தது. அது துள்ளிப் பின்வாங்கியது. பிறகு திரும்பவும் சோற்றுக்கு வந்தது. இரண்டாம் வெடி. அதற்கும் துள்ளியது, அதற்கும் திரும்பி வந்தது. தாளை நக்கித் துடைத்து முடித்தது. பிறகு மூக்கை உயர்த்தி மணந்தது. என் கையிலும் அங்கியிலும் நெய். தலையைத் தாழ்த்திக்கொண்டு என்னை நோக்கி வரத் தொடங்கியது.

அபி எனக்கும் அதற்கும் நடுவில் வந்து முழங்காலில் இருந்தாள். இங்கிலீசில் கத்தினாள். பிறகு, எங்கள் முற்றத்தில் பூனையைத் துரத்த அவள் அம்மா போடும் சத்தம் போல, "போ! போ! போயிடு!" என்று தமிழில் கத்தினாள். குரல் உடைந்தது. "பிளீஸ், போயிடு!"

அது நிற்கவில்லை. எங்களை நோக்கி ஓடத் தொடங்கியது.

துவக்கு வெடித்தது. கரடி நடுவில் நின்று, ஏதோ யோசிப்பது போலக் குந்தியது. வாயால் இரத்தம் வந்தது. மறுபடியும் எழும்பப் பார்த்தது. அபி இன்னொரு தரம் சுட்டாள். அது பக்கவாட்டில் விழுந்து காலால் கல்லை உதைத்தது. உதைத்து உதைத்து நின்றது. எனக்கும் அதற்கும் இடையே பன்னிரண்டு அடி இருக்கும். சூடான இரத்தம் கூழாங்கற்களுக்கு நடுவால் ஓடி என் சப்பாத்து வரைக்கும் வந்து ஆவி விட்டது.

அபி எழும்பிப் போய்த் துவக்குக் குழலால் அதன் கண்ணைத் தொட்டுப் பார்த்தாள். இமை அசையவில்லை. பிறகு அந்தக் கல்லடிக்குப் போனாள். வெள்ளித் தாளை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"இது என்னப்பா?"

"அப்பப்பாவின்ர விரதம்," என்றேன்.

அவள் தாளை மடித்து மடித்துச் சின்னதாக்கித் தன் பொக்கெற்றில் வைத்தாள். என்னைத் தூக்கி விட்டாள். அங்கியில் ஒட்டியிருந்த கல்லைத் தட்டி விட்டாள்.

6

கப்பலறையில் சாந்தி என் தலையைத் தடவினாள். நல்லது சொல்கிறேன் என்று நினைத்துத்தான் சொன்னாள், பாவம்:

"காகம் வராட்டிலும் ஏதோ ஒண்டு வந்து சாப்பிட்டதுதானே. மாமாதான் அந்த உருவத்தில வந்தவர் எண்டு நினையுங்கோ."

"அப்ப என்ர மகள் என்ர அப்பாவைச் சுட்டவளோ?" என்று கத்தினேன். மேசையில் இருந்த கிளாஸை எடுத்துச் சுவரில் அடித்தேன். சாந்தி காதைப் பொத்திக்கொண்டு மூலையில் நின்றாள். முப்பது வருடத்தில் நான் அவளை அப்படிப் பயப்படுத்தியதில்லை. அன்று என் விரதமும் முடியவில்லை. அடுத்த நாள் வரைக்கும் என்னால் ஒன்றும் விழுங்க முடியவில்லை.

அந்தத் தீவுகளில் பனிக்கரடியைச் சுட்டால், மனிதன் செத்தது மாதிரித்தான் விசாரணை. ஹெலிகொப்டரில் அதிகாரிகள் வந்தார்கள். உடலைக் கட்டித் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒருவர் கப்பலின் வாசிகசாலையில் இருந்து, என்னையும் அபியையும் எதிரே இருத்திக் கேட்டார். அபியின் வேலை அந்த விசாரணையில் தொங்கியது. சுட்டது கடைசி வழி என்று ஒப்புக்கொண்டாலும், கரைக்கு உணவு எப்படிப் போனது என்ற கேள்வி அவள் தலையில்தான் விழும். அவள்தானே பொக்கெற் பார்த்தவள்.

எனக்கு மூளை வேகமாக வேலை செய்தது.

"அவள் என் பொக்கெற்றெல்லாம் கை விட்டுப் பார்த்தாள்," என்றேன் எனக்குத் தெரிந்த இங்கிலீசில். "நான் பெனியனுக்குள் ஒளித்து வைத்திருந்தேன். அவளால் கண்டுபிடித்திருக்க முடியாது."

அதிகாரி தலையை ஆட்டி அப்படியே எழுதினார். இங்கிலாந்துக்கு வந்த புதிதில், என் பிடரியில் வைத்த குழலைப் பற்றியும் பக்கத்தில் விழுந்தவனைப் பற்றியும் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் ஐந்து மணித்தியாலம் சொன்னேன். நம்பும்படியாக இல்லை என்று எழுதி அனுப்பினார்கள். வருடக்கணக்காக அதற்கு அப்பீல் செய்தேன். இப்போது ஒரு பொய், அரை நிமிடத்தில் பதிவாகிவிட்டது. எனக்குள் ஒரு கெட்ட சந்தோசம் வந்தது.

"அது உண்மை இல்லை," என்றாள் அபி.

அதிகாரி பேனாவை நிறுத்தினார்.

"மற்றப் பதினொரு பேரையும் கை விட்டுப் பார்த்தேன். இவரை மட்டும் பார்க்கவில்லை. இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். நம்பினேன்."

"ஏன்?" என்று கேட்டார் அவர்.

"என் அப்பா," என்றாள்.

அதிகாரி என் வாக்குமூலத்தில் ஒரு கோடு போட்டார். வெளியே மேல்தட்டுக்கு வந்ததும் நான் அவள் கையைப் பிடித்தேன். ஏன் பிள்ளை, உன்னைக் காப்பாற்றத்தானே சொன்னேன் என்றேன். அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"எனக்காகப் பொய் சொல்லாதேங்கோ, அப்பா. எனக்கு உங்கட பொய் வேண்டாம். காலமை நீங்கள் சொன்ன ஒண்டு காணும். சுட்டது நான். அது என்ர. அதை நீங்கள் வாங்கிக்கொண்டு போக ஏலாது."

அவளுக்குப் பின்னால் அந்த மதில் நீலமாகவே நின்றது. முந்தின நாள் பார்த்ததில் எதுவும் குறையவில்லை. எனக்குத்தான் அதை நிமிர்ந்து பார்க்க முகமில்லை.

7

அன்றிலிருந்து, அறிக்கை வரும் வரைக்கும், அவள் துவக்குத் தொடக்கூடாது, ஆட்களைக் கரைக்குக் கூட்டிப்போகக்கூடாது என்றார்கள். கப்பல் புறப்படும் ஊரில் விடுதி ஒன்றில் பாத்திரம் கழுவிக்கொண்டு அங்கேயே இருந்தாள். வீட்டுக்கு வா என்று சாந்தி கெஞ்சினாள். வரவில்லை. கோல் எடுத்தால் அம்மாவோடு பேசிவிட்டு வைத்துவிடுவாள். எனக்குத் தண்டம் போட்டார்கள். கட்டினேன். அது எனக்குக் காணாது.

குளிரறையில் ஒருநாள் ஐஸ் பெட்டி ஒன்று கை தவறி விழுந்து உடைந்தது. கதவுக்கு வெளியே சிதறிய துண்டுகள் தேநீர் இடைவேளை முடிவதற்குள் தண்ணீராகி வடிகாலுக்குப் போய்விட்டன. சூப்பர்வைசர் அதைப் பார்த்து, கூட்டித் தள்ளும் வேலை மிச்சம் என்றார். நான் அந்த ஈரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உலகத்தில் ஐஸை ஐஸாக வைத்திருக்க இப்போது மின்சாரமும் பூட்டுக் கதவும் வேண்டியிருக்கிறது. அங்கே கதவு இல்லை. திறந்தபடி கிடக்கிறது. அந்தத் திறந்த வாசலால்தான் வடையோடு நான் போனேன்.

படம் வந்தது ஞாயிற்றுக்கிழமை. செவ்வாய்க்கிழமை பின்னேரம் அபி கோல் எடுத்தாள். அம்மாவைக் கேட்கவில்லை.

"அப்பா, அறிக்கை வந்திட்டுது. வாசிக்கட்டோ?"

"வாசி பிள்ளை."

இங்கிலீசில் வாசித்து, எனக்காக நடுநடுவே நின்று தமிழில் சொன்னாள். சுட்டது சட்டப்படி சரி. பொக்கெற் பார்க்காமல் விட்டது தவறு; அதற்கு எழுத்தில் எச்சரிக்கை. அடுத்த கோடைக்கு வேலைக்குப் போகலாம். நான் மூச்சு விட்டேன். முருகா என்றேன்.

"இன்னும் இருக்கு," என்றாள்.

பெண் கரடி. வயது நாலு. இருக்க வேண்டிய எடையில் பாதிக்குக் கொஞ்சம்தான் கூட. கடல் ஐஸ் வேளைக்கே கரைந்து போனதால் சீல் பிடிக்க இடமில்லாமல் கரையில் மாட்டுப்பட்டிருக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். அடுத்தது வயிறு. அங்கே அவள் குரல் இறங்கியது.

"கொஞ்சம் கடற்பாசி. பறவை இறகு. நைலோன் கயிற்றுத் துண்டு ஒண்டு." நிறுத்தினாள். "அவிச்ச சோறு. வடைத் துண்டு. பருப்பு. வேற ஒண்டும் இல்லை, அப்பா. அது கனநாளாய்ச் சாப்பிட்ட ஒரே சாப்பாடு உங்கட சாப்பாடுதான்."

இத்தனை வருடம் வயிறு நிறைந்த லண்டன் காகங்களைக் கெஞ்சிக் கூப்பிட்டுச் சோறு வைத்தேன். உண்மையாகப் பசித்து ஒன்று வந்தது இந்த ஒரு தரம்தான். கூப்பிட்டதும் நான். அது வந்தது, சாப்பிட்டது, இன்னும் கொஞ்சம் இருக்கிறதா என்று கேட்க என்னிடம் வந்தது. அதற்குத்தான் இரண்டு வெடி.

"அது என்னைக் கொல்ல வந்ததோ, பிள்ளை?" என்று கேட்டேன்.

"தெரியாது, அப்பா. எனக்குத் தெரியாது. ஒவ்வொரு நாளும் யோசிக்கிறன். தெரியேல்லை."

பிறகு அவள் அழத் தொடங்கினாள். சுட்டபோது அழாதவள், அதிகாரிக்கு முன்னால் அழாதவள், ஏழு வயதில் நான் பயப்படுத்திய அன்று அழுத மாதிரி விக்கி விக்கி அழுதாள். அது கொல்லத்தான் வந்தது, நீ என்னைக் காப்பாற்றினாய் என்ற வார்த்தைகள் என் வாய் வரைக்கும் வந்தன. வேறு எந்தத் தகப்பனும் அதைத்தான் சொல்லியிருப்பான்.

எனக்கும் தெரியாது. தெரியாத ஒன்றைத் தெரியும் என்று சொன்னால் அது பொய். என் பொய் வேண்டாம் என்று அவள் என் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறாள். நான் வாயைத் திறக்காமல், அவள் அழுது முடியும் வரைக்கும் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன்.